மூன்று மூலை நீலம்: பெனிடோயிட் என்னும் அரிய சிலிக்கேட் கனிமம்

கடலூர் சில்வர் பீச்சில் அலை பின்வாங்கிய இடத்தைக் குனிந்து பார்த்தால், ஈர மணலில் கறுப்பும் செம்மையுமாகக் கோடுகள் படிந்திருக்கும். அழுக்கு என்று நினைத்துப் பலர் மிதித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அதில் ஒரு சிட்டிகை எடுத்துக் காயவைத்து, வெள்ளைத் தாளில் பரப்பி, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வழியாகப் பாருங்கள். நிறமற்றுத் தெளிவாக இருப்பவை குவார்ட்ஸ். கருஞ்சிவப்பில் மின்னுபவை கார்னெட். பளபளக்கும் கறுப்புத் துகள்களில் பெரும்பகுதி இல்மனைட். வலுவான காந்தத்தைத் தாளின் அடியில் நகர்த்தினால் அதுவும் கூடவே நகரும். தேடினால் இரு முனையும் கூர்ந்த சிறு பட்டகங்களாகச் சிர்கானும் கிடைக்கும்.

தென்பெண்ணையும் கெடிலமும் மேற்கே உள்ள பழைய பாறைகளை அரித்துக் கொண்டுவந்து சேர்த்தவை இவை. குவார்ட்ஸின் ஒப்படர்த்தி, அதாவது அதே அளவு தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்ற கணக்கு, 2.65; கார்னெட்டும் இல்மனைட்டும் சிர்கானும் ஏறக்குறைய 4 முதல் 4.7 வரை இருக்கும். அலை எடை குறைந்ததை வாரிக்கொண்டு போகிறது, கனமானதை விட்டுச் செல்கிறது. அந்தக் கோடுகள் அப்படித்தான் உருவாகின்றன.

இந்தச் சிட்டிகை மணலில் இல்மனைட் ஒன்றை விலக்கிவிட்டால், மேலே சொன்ன மற்ற மூன்றுமே சிலிக்கேட் குடும்பத்தைச் சேர்ந்தவை. பூமியின் மேலோட்டில் எடைக் கணக்கில் சுமார் 46 சதவீதம் ஆக்சிஜன், சுமார் 28 சதவீதம் சிலிக்கான். இரண்டும் இவ்வளவு தாராளமாக இருப்பதால், நம் காலடியில் உள்ள பாறைகளில் பெரும்பாலானவை சிலிக்கேட்டுகளால் ஆனவை. அப்படியிருக்க, சிலிக்கேட் ஒன்று எப்படி அரிதாக முடியும்? அதுவும், நகை செய்யும் தரத்தில் உலகத்திலேயே ஒரே ஒரு மலைப்பகுதியில் மட்டும் கிடைக்கும் அளவுக்கு? பெனிடோயிட்டைப் பற்றி எழுத என்னைத் தூண்டியது இந்தக் கேள்விதான்.

முதலில் சிலிக்கேட் என்றால் என்ன என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஒரு சிலிக்கான் அணு நடுவில் இருக்கிறது. அதைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் அணுக்கள், நான்கு மூலைகளில். அந்த மூலைகளைக் கோட்டால் இணைத்தால் நான்கு முக்கோண முகங்கள் கொண்ட வடிவம் வரும். அதை நான்முகி என்கிறோம். எல்லாச் சிலிக்கேட்டுகளுக்கும் இதுவே அடிப்படை அலகு. கனிமத்துக்குக் கனிமம் மாறுவது, இந்த நான்முகிகள் ஒன்றோடொன்று சேரும் விதம். பக்கத்திலிருக்கும் இரண்டு நான்முகிகள் மூலையில் உள்ள ஓர் ஆக்சிஜனைப் பங்கிட்டுக்கொள்ள முடியும். எத்தனை மூலைகளைப் பங்கிடுகின்றன என்பதைப் பொறுத்துத் தனித்தனியாகவோ, வளையமாகவோ, சங்கிலியாகவோ, தகடாகவோ, மூன்று திசையிலும் பரவிய வலையமைப்பாகவோ அவை அமையும்.

நவரத்தினங்களை எடுத்துக்கொண்டால் இது சுலபமாகப் புரியும். கோமேதகம் என்று நகைக்கடையில் கொடுப்பது கார்னெட் வகையைச் சேர்ந்தது. அதில் நான்முகிகள் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாக நிற்கின்றன. மரகதத்தில் ஆறு நான்முகிகள் கைகோத்து ஒரு வளையமாகின்றன. ஆனால் நீலமும் மாணிக்கமும் சிலிக்கேட்டே அல்ல. இரண்டும் அலுமினியம் ஆக்சைடு. அவற்றில் சிலிக்கானுக்கு வேலை இல்லை. வைரம் வெறும் கார்பன். முத்தும் பவளமும் கால்சியம் கார்பனேட். ஒரே மோதிரத்தில் பக்கம் பக்கமாகப் பதித்திருந்தாலும் இந்தக் கற்களுக்குள் வேதியியல் உறவு மிகக் குறைவு.

பெனிடோயிட் வளையச் சிலிக்கேட். மரகதத்தைப் போல ஆறு அல்ல, மூன்றே நான்முகிகள் சேர்ந்த வளையம்; இருக்கக்கூடியதிலேயே மிகச் சிறிய வளையம் இதுதான். ஒவ்வொரு வளையத்திலும் மூன்று சிலிக்கான், ஒன்பது ஆக்சிஜன். வளையங்களுக்கு இடையில் ஒரு பேரியம், ஒரு டைட்டானியம் என்ற விகிதத்தில் உலோக அணுக்கள் அமர்ந்து, வளையங்களைப் பிணைத்து நிறுத்துகின்றன. பேரியம் கனமான தனிமம். கனிமத்தின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதுவே. அதனால் பெனிடோயிட்டின் ஒப்படர்த்தி 3.65 வாக்கில் இருக்கிறது. அதே அளவுள்ள குவார்ட்ஸ் துண்டோடு சேர்த்துக் கையில் வைத்துப் பார்த்தால் கனம் கூடுதல் என்று உடனே தெரியும்.

பேரியம், டைட்டானியம் என்ற பெயர்களைக் கேட்டவுடன் ஏதோ கிடைக்காத பொருள்கள் என்று தோன்றலாம். அப்படி இல்லை. இல்மனைட் என்பது இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த ஆக்சைடு. அதை வெள்ளைச் சாயமாக்கித்தான் சுவருக்குப் பூசும் பெயின்டில் கலக்கிறார்கள். பேரியத்துக்கு ஆந்திராவின் மங்கம்பேட்டை வரை போனால் போதும். பாரைட் என்னும் பேரியம் சல்பேட் கனிமத்தின் உலகப் பெரும் படிவுகளில் ஒன்று அங்கே இருக்கிறது. வயிற்றை எக்ஸ்ரே எடுப்பதற்கு முன் மருத்துவமனையில் குடிக்கக் கொடுக்கும் வெண்ணிறக் கலவையும் பேரியம் சல்பேட்தான். ஆக, பெனிடோயிட்டில் அரிதான தனிமம் என்று ஒன்றுகூட இல்லை.

அரிதாக இருப்பது இவை ஒரே இடத்தில், வேறு எதனோடும் சேராமல், சந்திப்பது. இயற்கையில் பேரியத்துக்குச் சல்பேட் கிடைத்துவிட்டால் அதோடு சேர்ந்து பாரைட் ஆகி அப்படியே தங்கிவிடும். சல்பேட் கிடைக்காவிட்டால், பெல்ட்ஸ்பார், மைக்கா போன்ற சாதாரணக் கனிமங்களில் பொட்டாசியத்தின் இடத்தில் நுழைந்து மறைந்துவிடும். டைட்டானியமோ பெரும்பாலும் இரும்போடு சேர்ந்து இல்மனைட் ஆகிவிடுகிறது. ஒருமுறை இல்மனைட் ஆகிவிட்டால் அதை எளிதில் கரைக்க முடியாது. நெடுந்தூரம் ஆற்றில் அடித்து வரப்பட்டும் நம் கடற்கரையில் அது கருகருவென்று கிடப்பதற்குக் காரணம் அந்தப் பிடிவாதம். இந்த இரண்டு தனிமங்களும் தத்தம் வழக்கமான துணைகளைத் தவறவிட்டு, சூடான திரவத்தில் கரைந்து, சிலிக்காவோடு ஒரே பாறை வெடிப்பில் சேர வேண்டும். வெப்பமும் அழுத்தமும் அதற்கு ஏற்றபடி இருக்க வேண்டும்.

அப்படி எல்லாம் கூடி வந்த இடம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள சான் பெனிடோ மாவட்டம். டயாப்லோ மலைத்தொடரில், சான் பெனிடோ ஆறு உற்பத்தியாகும் பகுதிக்கு அருகே. கடற்படுகைப் பாறை புவித்தட்டின் நகர்வால் ஆழத்துக்கு இழுக்கப்பட்டு, பெரும் அழுத்தத்திலும் அதற்கு ஒப்பிட்டால் குறைவான வெப்பத்திலும் உருமாறினால் நீலம் கலந்த சாம்பல் நிறப் பாறையாகும். அந்தப் பாறைத் துண்டுகள் பச்சை நிறச் செர்பென்டைன் பாறைக்குள் சிக்கியிருக்கும் இடம் அது. அந்த நீலப் பாறையின் வெடிப்புகளில் நேட்ரோலைட் என்னும் வெள்ளைக் கனிமம் நரம்பு நரம்பாக நிரம்பியிருக்கிறது. வெள்ளைக்குள் புதைந்து நீல முக்கோணங்களாகப் பெனிடோயிட். அதன் பக்கத்திலேயே நீண்ட கரும்பட்டகங்களாக நெப்டியூனைட் என்னும் இன்னொரு அபூர்வச் சிலிக்கேட். வெள்ளை, நீலம், கறுப்பு மூன்றும் ஒரே துண்டில் இருக்கும் மாதிரிகளை உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் பெருமையோடு வைத்திருக்கின்றன. கனிமங்களின் உலகில் இதைவிட அழகான சேர்க்கை வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

1907ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜேம்ஸ் கவுச் என்பவர் அந்த மலைகளில் பாதரசமும் செம்பும் தேடி அலைந்துகொண்டிருந்தார். வேறொருவர் முதலீட்டில், தாது தேடித் தருவதே அவர் தொழில். அவர் கண்ணில் பட்டவை நீலக் கற்கள். முதலில் கண்டது யார் என்பதில் அக்காலத்திலேயே தகராறு எழுந்தது. இன்று பெரும்பாலும் கவுச்சின் பெயரையே சொல்கிறார்கள். கற்களைப் பார்த்தவர்களின் கருத்து பலவாறாக இருந்தது. எரிமலைக் கண்ணாடி, மதிப்பில்லை என்று ஒருவர் ஒதுக்கினார். நீலக்கல் என்று நம்பியவர்களும் இருந்தார்கள். கடைசியில் மாதிரிகள் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் புவியியல் பேராசிரியர் ஜார்ஜ் லவுடர்பேக்கிடம் போய்ச் சேர்ந்தன. அவர் படிகத்தை அளந்தார். அவருடைய சக ஆசிரியர் வால்டர் பிளாஸ்டேல் வேதிப் பகுப்பாய்வு செய்தார். அதுவரை எங்கும் பதிவாகாத கனிமம் என்று தெரிந்தது. அதே 1907இல் லவுடர்பேக் புதிய கனிமத்தை அறிவித்தார். 1909இல் விரிவான ஆய்வையும் வெளியிட்டார்.

நீலக்கல் என்று ஏமாந்ததில் வியப்பில்லை. நிறம் ஒன்றுபோல இருக்கிறது. ஒளி கல்லுக்குள் நுழையும்போது எவ்வளவு வளைகிறது என்பதைக் காட்டும் ஒளிவிலகல் எண்ணும் அருகருகே வருகிறது: நீலக்கல்லுக்கு ஏறக்குறைய 1.76 முதல் 1.77 வரை, பெனிடோயிட்டுக்கு 1.757 முதல் 1.804 வரை. ஆனால் கீறிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். கனிமங்களின் கடினத்தன்மையை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் நீலக்கல்லுக்கு 9. பெனிடோயிட் 6 முதல் 6.5 வரை மட்டுமே.

இனி, என் மனத்தை மிகவும் கவர்ந்த பகுதிக்கு வருகிறேன். விலையையும் நிறத்தையும் விட இந்தக் கல்லின் வடிவத்தில்தான் பெரிய செய்தி இருக்கிறது.

வாசலில் ஒரு முக்கோணக் கோலம் போடுங்கள். மூன்று பக்கமும் சமம், மூன்று மூலையிலும் ஒரே மாதிரிப் பூ. அதை நடுப்புள்ளியை மையமாக வைத்து மூன்றில் ஒரு பங்கு சுற்றினாலும் கோலம் மாறியதாகத் தெரியாது. ஒரு மூலையிலிருந்து எதிர்ப்பக்கத்தின் நடுவுக்குக் கோடு இழுத்து, அதன்மேல் கண்ணாடியை நிறுத்தினால், கண்ணாடியில் தெரியும் பாதியும் மறைந்திருக்கும் பாதியும் ஒன்றே. இப்படி மூன்று கோடுகள் இழுக்கலாம். இந்தப் பண்புக்குச் சமச்சீர் என்று பெயர். கோலம் தரையோடு தரையாக இருக்கிறது. படிகத்துக்கோ மேலும் கீழும் உண்டு. எனவே இன்னொரு கேள்வி எழுகிறது: மேல் பாதியும் கீழ்ப் பாதியும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இருக்கின்றனவா?

அணுக்கள் அடுக்கடுக்காகத் திரும்பத் திரும்ப அமைந்த ஒரு பொருளில் எந்தெந்தச் சமச்சீர்கள் ஒன்றாக இருக்க முடியும்? ஜெர்மனியில் மார்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த ஜோஹான் ஹெசல் 1830இல் இதைக் கணக்குப் போட்டார். விடை 32. படிகங்கள் எத்தனை ஆயிரம் வகையாக இருந்தாலும் இந்த 32 வகுப்புகளில் ஒன்றில்தான் அடங்கியாக வேண்டும். அவருடைய வேலையை அன்று யாரும் கண்டுகொள்ளவில்லை. 1867இல் ஆக்சல் கடோலின் என்பவர் ஹெசலைப் பற்றி அறியாமலே தனியாகக் கணக்கிட்டு அதே 32ஐ அடைந்தார். ஹெசல் 1872இல் இறந்தார். அவர் முன்பே செய்து முடித்திருந்தது உலகுக்குத் தெரியவந்தது அதற்கும் பிறகுதான்.

கணக்கு 32 என்று சொன்னாலும், எல்லா வகுப்புக்கும் இயற்கையில் எடுத்துக்காட்டு கிடைத்துவிடவில்லை. மூன்று முறை சுற்றும் அச்சு, அதன் வழியே நிற்கும் மூன்று கண்ணாடித் தளங்கள், அவற்றுக்குக் குறுக்கே மேலையும் கீழையும் பிரதிபலிக்கும் ஒரு கண்ணாடித் தளம்: இத்தனையும் சேர்ந்த ஒரு வகுப்பு காகிதத்தில் மட்டும் இருந்தது. டூர்மலின் என்ற கனிமத்தைக் குறுக்கே வெட்டினால் முக்கோணம் தெரியும். ஆனால் அதன் மேல்முனையும் கீழ்முனையும் வேறு வேறு. குவார்ட்ஸுக்கு மூன்று முறை சுற்றும் அச்சு உண்டு. கண்ணாடித் தளம் ஒன்றுகூட இல்லை. எல்லா நிபந்தனையையும் நிறைவுசெய்யும் இயற்கைக் கனிமம் எதுவும் அறியப்பட்டிருக்கவில்லை.

லவுடர்பேக் கையில் எடுத்த அந்த நீல முக்கோணம் அந்த வகுப்பைச் சேர்ந்தது. தட்டையான இரு முக்கோணக் கூம்புகளை அடியோடு அடி சேர்த்து ஒட்டி, முனைகளைச் சீவிவிட்டால் வரும் வடிவம். மேலும் கீழும் ஒன்றே. ஹெசல் கணக்கிட்டு 77 ஆண்டுகள் கழித்து, பாதரசம் தேடிப் போன ஒருவர் அதற்கான சாட்சியைப் பாறையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்திருக்கிறார். பள்ளிப் பிள்ளைகளிடம் கணக்கு எதற்கு என்ற பேச்சு வரும்போதெல்லாம் நான் சொல்வது இந்த நிகழ்வைத்தான்.

வெளிவடிவம் முக்கோணமாக இருப்பதற்கான காரணம் உள்ளே இருக்கிறது. 1930இல் வில்லியம் சக்கரியாசன் எக்ஸ்ரே கொண்டு பெனிடோயிட்டின் உள்ளமைப்பைக் கண்டறிந்தார். மூன்று நான்முகிகள் சேர்ந்த வளையம் உண்மையிலேயே இருக்கிறது என்பது அப்போதுதான் உறுதியானது. கண்ணுக்குத் தெரியாத அந்த மூன்று மூலை வளையம்தான், கோடி கோடியாக அடுக்கப்பட்டு, விரலால் தொட்டு உணரக்கூடிய முக்கோணமாக வெளியே வருகிறது.

ஒளியை இந்தக் கல் கையாளும் விதமும் விரிவாகச் சொல்லத் தக்கது. வெள்ளை ஒளியை வானவில் நிறங்களாகப் பிரிக்கும் நிறப்பிரிகையில் வைரத்துக்கு 0.044 என்று கணக்கு; பெனிடோயிட்டுக்கும் ஏறக்குறைய அதே அளவு. நீலக்கல்லுக்கு 0.018 மட்டுமே. ஆகவே நன்றாகப் பட்டை தீட்டிய பெனிடோயிட்டை அசைத்தால் நீலத்துக்குள்ளிருந்து சிவப்பும் மஞ்சளும் பொறி பறக்கும். நிறம் வெளிறிய கற்களில் அது இன்னும் தெளிவாகத் தெரியும்.

திசைக்கேற்ப நிறம் மாறுவது இன்னொரு பண்பு. முக்கோணத்தின் தட்டை முகத்துக்கு நேராக, அச்சின் வழியே பார்த்தால் கல் ஏறக்குறைய நிறமற்றுத் தெரியும். அதையே பக்கவாட்டில் பார்த்தால் நல்ல நீலம். பட்டை தீட்டுபவர் இதைத் தெரிந்துகொண்டுதான் கல்லை வைக்கும் திசையை முடிவு செய்ய வேண்டும். நீலக்கல்லில் நிலைமை நேர்மாறு. அதில் அச்சின் வழியே பார்க்கும்போதுதான் நீலம் அடர்த்தி. நீலக்கல் என்று எண்ணித் தீட்டினால் நிறம் முழுவதும் வீணாகிவிடும். புதுச்சேரி அருங்காட்சியகத்தில் உள்ள அரிக்கமேடு மணிகளை நின்று பார்த்தவர்களுக்கு, கல்லின் குணம் அறிந்து அறுப்பது இந்த மண்ணில் எவ்வளவு பழைய கலை என்பது தெரிந்திருக்கும். கார்னெட், செவ்வந்திக்கல், கார்னீலியன் என்று ஒவ்வொன்றையும் அதனதன் குணத்துக்கு ஏற்பத் துளையிட்டு மெருகேற்றியிருக்கிறார்கள்.

அலை நீளம் குறைந்த புற ஊதா ஒளியைப் பாய்ச்சினால் பெனிடோயிட் பளிச்சென்று நீலமாக ஒளிரும். டைட்டானியமும் அதைச் சூழ்ந்த ஆறு ஆக்சிஜன்களும் புற ஊதாக் கதிரை உறிஞ்சி, கண்ணுக்குத் தெரியும் நீல ஒளியாக வெளியிடுகின்றன. நீலக்கல் பொதுவாக இப்படி ஒளிராது. கல் எது என்று பிரித்தறிய இது நம்பகமான வழி. நோட்டு சரிபார்க்கும் சாதாரணப் புற ஊதா விளக்கு நீண்ட அலை வகை. இதற்கு அது போதாது. குறுகிய அலை விளக்கு கண்ணுக்கும் தோலுக்கும் கெடுதல் செய்யும். உரிய பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் அதைக் கையாளவே கூடாது.

சுரங்கத்திலிருந்து கற்களை வெளியே எடுத்ததிலும் வேதியியல் கைகொடுத்தது. உளியால் தட்டினால் படிகம் உடையும். வெள்ளை நேட்ரோலைட் அமிலத்தில் கரைந்துவிடும். பெனிடோயிட்டும் நெப்டியூனைட்டும் கரையாது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்தால் வெள்ளை விலகி, நீலமும் கறுப்பும் முழுசாக வெளிவரும். இருந்தும் கிடைத்தவை பெரும்பாலும் பொடிக் கற்கள். பட்டை தீட்டிய பிறகு ஒரு காரட்டைத் தாண்டுவதே பெரிய விஷயம். அறியப்பட்டவற்றில் மிகப் பெரியதாகச் சொல்லப்படும் தீட்டிய கல் 15.42 காரட், அதாவது 3 கிராமுக்குச் சற்று மேல், அரைச் சவரன் எடைகூட இல்லை. கலிபோர்னியா 1985இல் இதைத் தன் மாநில ரத்தினமாக அறிவித்தது. ஜப்பானின் நீகாட்டா பகுதியிலும், அமெரிக்காவின் ஆர்கன்சாவிலும் பெனிடோயிட் கண்டெடுக்கப்பட்டிருக்கிறது; ஆனால் நகைக்கு உதவும் தரம் சான் பெனிடோவுக்கு வெளியே இல்லை.

இணையத்தில் யாராவது குறைந்த விலைக்குப் பெரிய பெனிடோயிட் என்று விற்றால் நம்பாதீர்கள். ரத்தினப் பரிசோதனைக் கூடத்தின் சான்றிதழ் இல்லாமல் வாங்கக் கூடாது. உண்மையான கல்லே கிடைத்தாலும் தினசரி மோதிரத்தில் பதிப்பது நல்லதல்ல. காற்றில் பறக்கும் தூசியில் குவார்ட்ஸ் இருக்கிறது. அதன் கடினத்தன்மை 7. பெனிடோயிட் அதைவிட மென்மையானது. கடலோர ஊரில் துணியால் அழுத்தித் துடைத்தாலே நாளடைவில் பட்டைகளில் கீறல் விழும். காதணியாகவோ பதக்கமாகவோ அணிவது பாதுகாப்பு.

பெனிடோயிட்டின் அமைப்பிலேயே டைட்டானியம் இருக்கும் இடத்தில் வேறு உலோகம் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கும் இயற்கை விடை வைத்திருக்கிறது. அந்த இடத்தில் வெள்ளீயம் அமர்ந்த கனிமம் கலிபோர்னியாவின் சான்டா குரூஸ் அருகே 1965வாக்கில் அடையாளம் காணப்பட்டது. அதன் பெயர் பாப்ஸ்டைட். சிர்கோனியம் அமர்ந்தது பாசிரைட். அது கிடைத்தது வட அட்லாண்டிக் கடலின் நடுவே தனித்து நிற்கும் ராக்கால் என்ற பாறைத்தீவில். மூன்றிலும் அதே மூன்று மூலை வளையம், இடையில் அதே பேரியம்.